டர்பினியா மாடல் செய்யப் போறீங்களா? பின்பக்கத்துல இருந்து ஆரம்பிங்க

பழைய ஸ்டீம் யாட் மாடல் செய்யணும்னு ஆசைப்படுறவங்க பெரும்பாலும் வளைஞ்ச மூக்கு, தேக்கு கேபின், பித்தளை வேலைப்பாடுன்னு பணக்காரங்க உல்லாசமா போன கப்பல்களைத்தான் தேடுவாங்க, அதுவும் அழகுதான், ஆனா என்னைக் கேட்டா ஒரு தடவையாவது டர்பினியாவைச் செஞ்சு பாருங்கன்னு சொல்வேன். 1894ல இங்கிலாந்துல டைன் நதிக்கரையில வால்செண்ட்ல தண்ணில இறக்குன கப்பல் இது. நீளம் கிட்டத்தட்ட 32 மீட்டர், அகலம் வெறும் 2.74 மீட்டர், மொத்த எடை 44.5 டன். முருங்கைக்காய் மாதிரி ஒல்லியான உடம்பு. இன்ஜினீயர் சார்லஸ் பார்சன்ஸ் தன்னோட ஸ்டீம் டர்பைன், அதாவது நீராவி வேகத்துல சக்கரம் சுத்துற இன்ஜின், கப்பலையும் ஓட்டும்னு நிரூபிக்கிறதுக்காகவே கட்டுனது. 1897 ஜூன் 26, விக்டோரியா ராணியோட வைர விழாவுக்காக ஸ்பிட்ஹெட்ல கடற்படை அணிவகுப்பு நடந்தப்போ வரிசையா நின்ன போர்க்கப்பல்களுக்கு நடுவுல இது பாஞ்சு போச்சு, விரட்டுன ரோந்துப் படகு எதாலயும் பிடிக்க முடியல. 34 நாட் வேகம் (மணிக்கு சுமார் 63 கி.மீ.) அந்தக் காலத்துல யாரும் பார்க்காதது. பத்து வருஷத்துக்குள்ள ட்ரெட்நாட் போர்க்கப்பலும் மாரிட்டேனியா பயணிகள் கப்பலும் டர்பைன்லதான் ஓடுச்சு.

மாடல் செய்றவங்களுக்கு இன்னொரு சந்தோஷமான விஷயம், இந்தக் கப்பலே மாடலா ஆரம்பிச்சதுதான். முழுக் கப்பலைக் கட்டுறதுக்கு முன்னாடி பார்சன்ஸ் சின்ன மாடல் செஞ்சு, முறுக்குன ரப்பரை வச்சு ப்ரொப்பெல்லரைச் சுத்தவிட்டு, தண்ணில ஓட்டிப் பார்த்துத்தான் உடம்போட வடிவத்தை முடிவு பண்ணாரு.

முதல் முடிவு: எந்த வருஷத்து டர்பினியா?

இதை முடிவு பண்ணாம கத்தியை எடுக்காதீங்க. 1894ல இறங்குனப்போ இதுக்கு ஒரே டர்பைன், ஒரே ஷாஃப்ட் (ப்ரொப்பெல்லரைச் சுத்துற தண்டு). விதவிதமா ப்ரொப்பெல்லர் மாத்திப் பாத்தும் 20 நாட்டைத் தாண்டல. காரணம் கேவிட்டேஷன். ப்ரொப்பெல்லர் ரொம்ப வேகமா சுத்துனா இதழோட ஒரு பக்கம் அழுத்தம் குறைஞ்சு தண்ணி அங்கேயே ஆவியாகிக் குமிழியாயிடும், இதழ் தண்ணியைத் தள்ளுறதுக்குப் பதிலா வெத்துக் குழியில சுத்திக்கிட்டு இருக்கும், இன்ஜின் சக்தியெல்லாம் வீண். இதைக் கண்ணால பாக்கணும்னு பார்சன்ஸ் 1895ல ஒரு சின்ன சோதனைத் தொட்டியே செஞ்சாரு, உலகத்தோட முதல் கேவிட்டேஷன் டனல் அதுதான். அப்புறம் பழைய டர்பைனைக் கழட்டிட்டு மூணு டர்பைன், மூணு ஷாஃப்ட், ஒவ்வொரு ஷாஃப்ட்லயும் மூணு ப்ரொப்பெல்லர், மொத்தம் ஒன்பதுன்னு மாத்துனாரு. தள்ளுற வேலையை நிறைய இதழ்களுக்குப் பங்கு போட்டுக் குடுத்ததும் வேகம் ஏறிடுச்சு.

அதனால என் தேர்வு 1897தான். அந்த ஒன்பது ப்ரொப்பெல்லர்தான் இந்தக் கப்பலோட கதையே. கூண்டும் கொடிமரமும் எவ்வளவு சுத்தமா செஞ்சிருந்தாலும் பின்பக்க அடிப்பாகம் சொதப்பலா இருந்தா அது வேற ஏதோ டார்பிடோ படகு மாதிரிதான் தெரியும். பாதி உழைப்பை, முடிஞ்சா அதுக்கும் மேல, தண்ணிக்குக் கீழ இருக்குற பின்பாகத்துக்கே ஒதுக்கி வைங்க.

ஸ்கேல் கணக்கு

1:48ல, அதாவது நிஜத்துல 48ல ஒரு பங்குன்னா, நீளம் 66 செ.மீ., அகலம் 5.7 செ.மீ. வீட்டு ஷெல்ஃப்ல உக்காரும், ஆனா ப்ரொப்பெல்லர் குறுக்களவு 9.5 மி.மீ.தான் வரும், கையால இதழ் செய்றது ரொம்பக் கஷ்டம். 1:32ல நீளம் சரியா ஒரு மீட்டர், அகலம் 8.6 செ.மீ., ப்ரொப்பெல்லர் 14.3 மி.மீ., இதுதான் எனக்குப் பிடிச்ச அளவு. இன்னொரு லாபம், 1:32க்கு கடையில 54 மி.மீ. மனுஷ பொம்மைகள் ரெடியா கிடைக்கும், டெக்ல நாலு பேரை நிக்க வச்சாத்தான் கப்பல் எவ்வளவு ஒல்லின்னு பாக்கறவங்களுக்கு உறைக்கும். 1:24ன்னா 133 செ.மீ. வரும், தண்ணில ஓட்டுறதா இருந்தா மட்டும் அது.

ஓட்டுறவங்களுக்கு இன்னும் ரெண்டு கணக்கு இருக்கு. எடையை ஸ்கேலோட கனத்தால வகுக்கணும், அதாவது 24 × 24 × 24. 44.5 டன்னை அப்படி வகுத்தா சுமார் 3.2 கிலோ, மோட்டார் பேட்டரி எல்லாம் சேர்த்து உங்க மாடல் அதுக்குள்ள முடியணும், இல்லேன்னா வாட்டர்லைன் (கப்பல் மிதக்கும்போது தண்ணி தொடுற கோடு) முங்கிடும். வேகத்தை ஸ்கேலால வகுக்கக் கூடாது, ஸ்கேலோட வர்க்கமூலத்தால வகுக்கணும், அப்பதான் அலை எழும்புற விதம் நிஜக் கப்பல் மாதிரி வரும். 34.5 நாட்ங்கிறது வினாடிக்கு 17.7 மீட்டர், 24ஓட வர்க்கமூலம் 4.9, ஆக மாடல் வினாடிக்கு 3.6 மீட்டர் போனா போதும், அதுக்கு மேல ஓட்டுனா ரேஸ் போட் மாதிரி ஆயிடும், டர்பினியா மாதிரி இருக்காது.

வரைபடமும் போட்டோவும்

உங்களுக்கு வேண்டியது லைன்ஸ் பிளான். பக்கவாட்டு, மேல் தோற்றம், குறுக்குவெட்டு மூணும் இருக்கணும். வெறும் பக்கவாட்டுப் படத்தை வச்சு உடம்பு செதுக்க முடியாது. பிளாட்டர் இருக்குற பிரிண்ட் கடைல எடுங்க, 1:48ன்னா ஏ1 தாள் போதும், 1:32க்கு ஏ0 வேணும். தாளுக்கு ஏத்த மாதிரி சுருக்குற செட்டிங்கை ஆஃப் பண்ணச் சொல்லுங்க, பிரிண்ட் வந்ததும் கடையிலேயே ஸ்டீல் ஸ்கேலை வச்சு நீளத்தை அளந்துடுங்க, அகலத்தையும் தனியா அளங்க, ஏன்னா சில மெஷின்ல நீளவாக்குல மட்டும் ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் இழுத்துடும்.

நிஜக் கப்பல் இப்பவும் நியூகாசில்ல டிஸ்கவரி மியூசியத்துல இருக்கு, 1994ல அங்க கொண்டுவந்து வச்சாங்க. முன்னாடி பின்னாடி மேல கீழன்னு எல்லாக் கோணத்துலயும் கலர் போட்டோ நெட்ல கிடைக்கும், உடம்பு வடிவத்துக்கும் ஷாஃப்ட் அமைப்புக்கும் அதைவிட நல்ல ஆதாரம் இல்ல. ஆனா டெக் மேல இருக்குற சின்னச் சின்ன சாமான்களுக்கு அதை மட்டும் நம்பாதீங்க. 1907ல பக்கத்துல தண்ணில இறக்குன ஒரு கப்பல் இது மேல மோதி பலமா சேதமாச்சு, பிற்காலத்துல ரெண்டாவே வெட்டிட்டாங்க, பின்பாதி ரொம்ப வருஷம் லண்டன் சயின்ஸ் மியூசியத்துல இருந்துச்சு, அப்புறம்தான் நியூகாசில்ல ரெண்டையும் சேர்த்து ஒட்டுனாங்க. இவ்வளவு பட்ட கப்பல்ல கைப்பிடியும் மூடியும் ஆதியில இருந்த மாதிரியே இருக்கும்னு எடுத்துக்க முடியாது. ஆல்ஃப்ரட் வெஸ்ட் 1897ல எடுத்த, முழு வேகத்துல பாயுற அந்தப் புகழ்பெத்த போட்டோவைப் பெருசா பிரிண்ட் எடுத்து மேஜைக்கு எதிர்ல ஒட்டி வைங்க. டெக் விஷயத்துல சண்டை வந்தா அந்தப் போட்டோ சொல்றதுதான் தீர்ப்பு. அளவு தெரியாத சாமான் இருந்தா பக்கத்துல நிக்கிற ஆளோட உயரத்தை வச்சு கணக்குப் போடலாம், அஞ்சரை அடி ஆள் 1:32ல 52 மி.மீ., அதே விகிதத்துல மத்ததை எடுத்துக்கங்க.

உடம்பு

இவ்வளவு ஒல்லியான உடம்புக்கு சட்டம் அடிச்சு பலகை ஒட்டுற முறையைவிட அடுக்கு முறைதான் நல்லதுன்னு நினைக்கிறேன். வரைபடத்துல வாட்டர்லைனுக்கு இணையா இருக்குற ஒவ்வொரு மட்டத்துக்கும் பலகை வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி, அப்புறம் படிகளைச் சீவி எடுக்கிறது. மரம் பால்சா வேண்டாம், நகம் பட்டாலே பள்ளம் விழும், விளிம்பு நிக்காது. ஆசாரி கடைல நல்லா காஞ்ச, கணு இல்லாத, மென்மையான மரமா கேட்டு 5 மி.மீ. பலகையா இழைச்சு வாங்குங்க. ஓட்டப் போறவங்க மட்டும் ஒட்டுறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல குடைஞ்சு எடுத்துடணும்.

ஒரு முக்கியமான விஷயம். முழு அகலத்துக்கும் ஒரே பலகையா வெட்டாதீங்க. இடது பாதி, வலது பாதின்னு தனித்தனியா அடுக்கி ஒட்டிட்டு, ரெண்டுக்கும் நடுவுல 1 மி.மீ. பிளைவுட்ல பக்கவாட்டு வடிவத்தை அப்படியே வெட்டி சாண்ட்விச் மாதிரி வச்சு ஒட்டுங்க. செதுக்கச் செதுக்க பென்சில் கோடு அழிஞ்சு போகும், இந்தப் பிளைவுட் எவ்வளவு தேச்சாலும் அழியாம நடுக்கோடா நிக்கும், அணியத்துல, அதாவது முன்பகுதியில, முன்முனை கூர்மையா வர்றதுக்கும் அதுதான் எல்லை. மூக்கு கத்தி மாதிரி இருக்குற கப்பல் இது, மரத்துலயே அந்தக் கூர் எடுத்தா பட்டுனு உடையும், பிளைவுட்ல எடுத்தா தாங்கும். ஒட்டுறதுக்கு தண்ணி தாங்குற ஃபெவிகால் மரைன், கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டுடுங்க.

படிகளைச் சீவுனதுக்கு அப்புறம் குறுக்குவெட்டு டெம்ப்ளேட் வேணும். கெட்டி அட்டையில ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் (வரைபடத்துல குறுக்குவெட்டு குறிச்ச இடம்) வெளிவளைவை வெட்டி எடுத்து, அடிக்கடி வச்சு வச்சு பாருங்க. உப்புத்தாளை விரலால பிடிச்சுத் தேய்க்காதீங்க, விரல் போற இடமெல்லாம் அலை அலையா பள்ளம் விழும். ஒரு அடி நீள மரக்கட்டையில ஒட்டி, உடம்பு நீளவாக்குல இழுத்து இழுத்துத் தேய்ங்க, 80 நம்பர் தாள்ல ஆரம்பிச்சு 120, 220, 400. ராத்திரி ரூம் லைட்டை அணைச்சுட்டு மொபைல் டார்ச்சை உடம்போட ஒட்டுன மாதிரி பக்கவாட்டுல பிடிச்சுப் பாருங்க. பகல்ல வழவழன்னு தெரிஞ்ச இடத்துல நிழல் விழுந்து மேடு பள்ளம் எல்லாம் வெளிய வரும். நிழல் விழுற இடத்துல பென்சில்ல வட்டம் போட்டு வச்சுட்டு மறுநாள் அதை மட்டும் சரி பண்ணுங்க.

அமரம், அதாவது பின்பகுதி, தனிக் கவனம் கேட்கும். முன்னாடி வி மாதிரி ஆழமா இருக்குற உடம்பு பின்னாடி போகப் போக தட்டையாகி, ப்ரொப்பெல்லருக்கு மேல மூடி போட்ட மாதிரி முடியும். இந்த மாற்றம் திடீர்னு நடக்காது, நீளமா, மெதுவா நடக்கும். இங்க டெம்ப்ளேட்டை மத்த இடத்தைவிட நெருக்கமா, ரெண்டு செ.மீ.க்கு ஒண்ணுன்னு வச்சுக்கங்க. நடுப்பாகத்துல அரை மில்லிமீட்டர் தப்பு கண்ணுக்குத் தெரியாது, இங்க தெரிஞ்சிடும், ஏன்னா மூணு ஷாஃப்டும் இந்தப் பரப்பை ஒட்டித்தான் வெளிய வருது.

வடிவம் வந்ததும் சாண்டிங் சீலர் ரெண்டு கோட், நடுவுல தேய்ப்பு, மிச்ச ஓட்டைக்கு ஆட்டோமொபைல் பெயின்ட் கடைல கிடைக்கிற பட்டி, மேல கிரே ப்ரைமர். இதுல வளவளன்னு சொல்ல ஒண்ணுமில்ல, அவசரப்படாம இருந்தா போதும்.

தகடு வேலை

இது எஃகுத் தகடு அடிச்ச கப்பல், தகடு விளிம்பு லேசா தெரிஞ்சா மாடலுக்கு உயிர் வரும். ஆனா எவ்வளவு லேசா? நிஜக் கப்பல்ல அடித்தகடு 3/16 இஞ்ச், பின்பக்க ஓரத்துல 1/16 இஞ்ச்தான், அவ்வளவு மெல்லிசா கட்டுனதாலதான் எடை குறைஞ்சு அந்த வேகம் போச்சு. 1:32ல கணக்குப் போட்டா 0.15 மி.மீ.ல இருந்து 0.05 மி.மீ. வரைக்கும். சாதாரண அட்டையோ ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டோ ஒட்டுனா பெரிய போர்க்கப்பல் கவசம் மாதிரி ஆயிடும். இதுக்கு நல்ல வழி ப்ரைமர்தான். தகடு வரிசையை பென்சில்ல வரைஞ்சுக்கங்க, ஒண்ணு விட்டு ஒரு வரிசைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்க, மிச்ச இடத்துல ப்ரைமரை மூணு நாலு கோட் அடிங்க, பெயின்ட் முழுசா காயறதுக்கு முன்னாடி டேப்பை மெதுவா பின்னோக்கி மடிச்சு எடுங்க. விரல் வச்சா தட்டுப்படும், கண்ணுக்கு ஒரு சன்னமான கோடு தெரியும், அவ்வளவுதான் வேணும். ரிவெட் புள்ளி குத்துற சக்கரம் இருக்கேன்னு உடம்பு முழுக்க உருட்டிடாதீங்க, இந்த ஸ்கேல்ல ரிவெட் தலை கண்ணுக்கே தெரியக்கூடாது.

ஒன்பது ப்ரொப்பெல்லர்

இப்ப விஷயத்துக்கு வருவோம். நிஜ ப்ரொப்பெல்லர் குறுக்களவு 18 இஞ்ச், பிட்ச் 24 இஞ்ச். பிட்ச்னா ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் முன்னேறணும்ங்கிற அளவு. இந்த ரெண்டு எண்ல இருந்தே இதழை எவ்வளவு சாய்க்கணும்னு கிடைச்சிடும். இதழ் நீளத்துல முனைக்குப் பக்கமா, மையத்துல இருந்து பத்துல ஏழு பங்கு தூரத்துல சாய்வு 31 டிகிரி, முனையில 23 டிகிரி, நடுக்குமிழ் பக்கம் போகப் போக இன்னும் செங்குத்தா இருக்கும். இந்த முறுக்கு இல்லாம தட்டையா வெட்டி ஒட்டுனா மின்விசிறி மாதிரி இருக்கும்.

செய்முறை இப்படி. 0.4 மி.மீ. பித்தளைத் தகட்டுல இதழ் வடிவத்தை வெட்டணும், எல்லா இதழையும் ஒண்ணா அடுக்கி, ரெண்டு மரத்துண்டுக்கு நடுவுல இறுக்கி, ஒரே தடவையா அரம் போடுங்க, அப்பதான் எல்லாம் ஒரே அச்சா வரும். அப்புறம் ஒரு கட்டை மரத்துல நடுவுல ஷாஃப்ட் அளவுக்கு ஓட்டை போட்டு, சுத்தி எத்தனை இதழோ அத்தனை வெட்டு 31 டிகிரி சாய்வுல போட்டுக்கங்க, இதான் ஜிக். குமிழுக்குப் பித்தளை டியூப் துண்டு. டியூபை நடுவுல நிறுத்தி, இதழை வெட்டுக்குள்ள செருகி, எல்லாத்துக்கும் ஃப்ளக்ஸ் தடவி, சின்னச் சின்ன ஈயத்துண்டு வச்சு, ஒரே சூட்டுல எல்லா இதழையும் பிடிக்க வைங்க. ஒவ்வொண்ணா சோல்டர் பண்ணப் போனா மூணாவதை ஒட்டும்போது முதல் இதழ் கழண்டு விழும், அந்தச் சின்ன டியூப்ல சூடு நொடியில பரவிடும். ஆறுனதும் மூக்குக் குறடுல மெல்ல முனையைத் திருப்பி 23 டிகிரிக்குக் கொண்டுவாங்க. எந்தப் பக்கம் முறுக்குங்கிறதை மியூசியம் போட்டோவுல பாத்து முன்னாடியே ஜிக்ல குறிச்சு வச்சிடுங்க. பத்துப் பன்னெண்டு செஞ்சா அதுல நல்லா வந்த ஒன்பதை எடுத்துக்கலாம். ரெசின் 3டி பிரிண்டர் வசதி இருக்குறவங்க அப்படியும் எடுக்கலாம், தப்பில்ல, ஆனா பித்தளையோட விளிம்பு மெல்லிசு பிளாஸ்டிக்ல வராது.

ஷாஃப்ட் ஓட்டையை உடம்புக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடணும், தகடு வேலைக்கும் முன்னாடி. மூணும் மேல இருந்து பாத்தா ஒண்ணுக்கொண்ணு இணையா, பக்கத்துல இருந்து பாத்தா வரைபடத்துல இருக்குற சாய்வுல வரணும். மாடலைத் தலைகீழா தொட்டில்ல கவுத்து வச்சு, அமரத்துக்குப் பின்னாடி ஒரு பிளைவுட் பலகையில மூணு ஓட்டை போட்டு செங்குத்தா நிறுத்துங்க. பித்தளைக் கம்பி அந்த ஓட்டை வழியா உடம்புக்குள்ள நேரா போச்சுன்னா சரி, அதே நிலையில தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட்டுகளை அரால்டைட் வச்சு ஒட்டுங்க. சீக்கிரம் காயற ரகம் வேண்டாம், நிதானமா காயறதை எடுத்தா பாத்துப் பாத்து சரி பண்ண நேரம் கிடைக்கும். ப்ரொப்பெல்லரை மட்டும் எல்லாப் பெயின்டும் முடிஞ்சதுக்கு அப்புறம் கடைசியில மாட்டுங்க.

மேல்தட்டு

நடுவுல ஒரே புகைக்கூண்டு, முன்னாடி சின்ன ஸ்டியரிங் கூண்டு, கொடிமரம், மூடிகள், கம்பி வேலி. உடம்போட ஒப்பிட்டா இங்க வேலை கம்மிதான். புகைக்கூண்டுக்கு சரியான அளவு பைப் கிடைக்கலேன்னா ஸ்டைரீன் ஷீட்டை வெந்நீர்ல காட்டி மரக்குச்சில சுத்தி எடுங்க. கூண்டோட வாய் விளிம்பை உள்பக்கமா சீவி மெல்லிசாக்குங்க, தடிச்ச வாய் மாடலோட ஸ்கேலையே கெடுத்துடும். வேலிக்கு காயில் கட்டுற கடைல 0.3, 0.4 மி.மீ. காப்பர் வயர் வாங்கி, ஒரு முனையை வைஸ்ல மாட்டி மறுமுனையைக் குறடால ஒரு இழு இழுங்க, கம்பி நேராகி விறைப்பாயிடும்.

பெயின்ட்

கலருக்கு மியூசியத்துல எடுத்த கலர் போட்டோவை வச்சுக்கங்க, ஆனா டின்ல இருக்குற மாதிரியே அடிக்காம துளி வெள்ளையோ கிரேயோ கலந்து அடிங்க. ஒரு மீட்டர் மாடலை நாம ஒன்றரை, ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு பாக்கறது நிஜக் கப்பலை 50, 60 மீட்டர் தள்ளி நின்னு பாக்கறதுக்குச் சமம், தூரத்துல கலர் எப்பவும் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும். கறுப்பு வர்ற இடத்துல சுத்தக் கறுப்பு வேண்டவே வேண்டாம். பளபளப்பும் வேண்டாம், செமி மேட் போதும். நம்மூர் மழைக்காலத்துல லாக்கர் ஸ்ப்ரே அடிச்சா காத்து ஈரத்துல வெள்ளையா பூத்துடும், ரெண்டு நாள் வெயில் பாத்துட்டு மத்தியானமா அடிங்க. ப்ரொப்பெல்லருக்குப் பெயின்ட் தேவையில்ல, பித்தளை அப்படியே இருக்கட்டும், கறுத்துப் போகாம மேட் வார்னிஷ் ஒரு கோட்.

பழசாக்குற வேலை அதிகம் செய்யாதீங்க. துருவும் கரையும் வழியுற சரக்குக் கப்பல் இல்ல இது. கூண்டு வாயைச் சுத்தி மட்டும் கரியை நல்லா ஏத்துங்க, ஏன்னா முழு வேகத்துல போகும்போது புகைக்கூண்டுல இருந்து நெருப்பே வெளிய வந்துச்சுன்னு பாத்தவங்க சொல்லியிருக்காங்க.

வைக்கிற இடம்

உடம்பைத் தாங்க ரெண்டு மெல்லிய தூண் போதும், பெரிய தொட்டில் அடிப்பாகத்தை மறைச்சிடும். பின்தூணை ஷாஃப்ட் ஆரம்பிக்கிற இடத்துக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. அமரத்துக்கு நேர் கீழ பீடத்துல ஒரு கண்ணாடி பதிங்க, கொஞ்சம் பாக்குறவங்க பக்கமா சாய்ச்சு. நின்னபடியே குனியாம ஒன்பது ப்ரொப்பெல்லரும் தெரியணும், அந்தக் கோணம் வர்ற வரைக்கும் கண்ணாடிக்கு அடியில தீப்பெட்டி அட்டையை ஒவ்வொண்ணா சொருகிப் பாத்துட்டு அப்புறம் ஒட்டுங்க. மேல அக்ரிலிக் கூடு கண்டிப்பா வேணும், அந்தக் கம்பி வேலில தூசி படிஞ்சா துடைக்கவே முடியாது. கூட்டோட பின்சுவர்ல மட்டும் கீழ ரெண்டு சின்ன ஓட்டை விட்டுடுங்க, பெயின்ட் வாடை உள்ளயே தங்கி வார்னிஷை மங்கவிடாம இருக்கும்.